ஆம்பர், சாம்பிள் பதினேழு

நவம்பர் 3

அன்புள்ள சின்னி,

போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். பதினோரு மாதமாக அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. கடிதத்தைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

பார்சலில் பஞ்சு சுற்றிய ஒரு குப்பி இருக்கும். லேபிளில் 17 என்று மட்டும் போட்டிருக்கும். எங்கள் கம்பெனி இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்கிற ஆம்பர் சென்ட். ஆம்பர் என்றதும் நகையில் பதிக்கிற மஞ்சள் கல்லை நினைக்காதே. சாம்பிராணிப் பிசின், வெனிலா, ஒரு புதர்ச்செடியின் கருத்த பிசின், இவற்றைச் சேர்த்து ஒரு கதகதப்பை உண்டாக்குவோம், அதற்குத்தான் அந்தப் பெயர். மாலையில் போடுகிற வாசனை. பகலில் போட்டால் தலையை வலிக்கும். பொழுது சாய்ந்து உடம்பு ஓய்கிற நேரத்தில் போட்டால் மெல்ல மெல்ல விரியும்.

இந்த வகையைக் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்ய முடியாது. தோலில் போட்டு, மறுநாள் காலை வரை சுமந்து, எந்த மணிக்கு என்ன ஆகிறது என்று எழுத வேண்டும். எங்கள் பிரிவில் நாலு பேர் அப்படி எழுதுகிறோம். நாலாவது ஆள் நான். ஆனால் ஒரு காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டதிலிருந்து என் தோல் சரியில்லை, எதைப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடுகிறது. உன் தோல் அப்பாவுடைய தோல், சூடு தங்கும். மூக்கும் என்னுடையதற்குக் குறைந்ததில்லை. பக்கத்துத் தெருவில் மழை விழுவதை வீட்டுக்குள் இருந்தே சொன்னவள் நீ. எனக்காக இதைப் போட்டு எழுதித் தருவாயா?

அப்பா கால் எப்படி இருக்கிறது?

அக்கா

*

நவம்பர் 8

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. குப்பிக்கு இரண்டு பத்தி, அப்பா காலுக்கு ஒரு வரி. பரவாயில்லை, போன தடவை அதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றுகொண்டு, அப்பாவுக்கு இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள் என்று அழுதவளிடம் நீ என்ன சொன்னாய்? “ரெண்டு விரல்தானேடி, இங்க எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு.” உன் நம்பரைத் தடுத்தது அந்த ‘தானே’ என்ற சொல்லுக்காகத்தான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். விரல் எடுத்த இடம் இன்னும் மூடவில்லை. சர்க்கரை ஏறி இறங்குகிறது. அந்தக் காலில் அவருக்கு உணர்ச்சியே கிடையாது, குண்டூசியால் குத்தினாலும் சிரிப்பார். ஒன்றுவிட்டு ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு நான்தான் கட்டுப் பிரித்துக் கட்டுகிறேன். நர்ஸம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: “கண்ணை நம்பாதீங்க, மேலே காஞ்ச மாதிரி இருந்துட்டு உள்ளே போயிடும். மூக்கை நம்புங்க. வாடை மாறுச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.” எனக்கு இருக்கிற ஒரே படிப்பு அதுதான்.

நான் இன்னும் அதே ரெடிமேட் கடையில் ஆல்டரேஷன் மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரார் போட்டுக் கழற்றிய சட்டைகளின் அக்குள் தையலைப் பிரிப்பவளுக்கு ஓர் உயர்ந்த வாசனையை முகரச் சொல்லி வேலை கொடுத்திருக்கிறாய். சந்தோஷம்.

மறுத்து எழுதத்தான் உட்கார்ந்தேன். பார்சல் மேல் இருந்த உன் கையெழுத்தை அப்பா பார்த்துவிட்டார். “மோப்பக்காரி எழுத்துதானே அது? என்ன கேக்குறா?” என்றார். சொன்னேன். “போட்டுக்கோயேன், காசா பணமா?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்காக ஒப்புக்கொள்கிறேன். எப்படிப் போட வேண்டும் என்று எழுது. போனில் பேச மாட்டேன், உன் குரலைக் கேட்டால் சண்டைதான் வரும்.

சின்னி

*

நவம்பர் 12

என் தங்கமே,

திட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சொல்லை நான் சொன்னது உண்மை. சொன்னபோது என் பக்கத்தில் ஆறு பேர் நின்றிருந்தார்கள், நான் அழுதுவிடக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன். நம்பினால் நம்பு.

செய்முறை இதுதான். சரியாக ஆறு மணிக்கு முழங்கை மடிப்பில் ஒரு தடவை அடி, கழுத்தடியில் ஒரு தடவை. தேய்க்காதே, தேய்த்தால் மேல்வாசனை நசுங்கிப் போகும். கையைக் கழுவலாம், குளிக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் ஒரு தடவை எழுது. பிறகு ஏழு மணி, ஒன்பது மணி, மறுநாள் காலை ஆறு மணி. அழகாக எழுத முயற்சி செய்யாதே. உனக்கு எது ஞாபகம் வருகிறதோ அதையே எழுது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ எழுதுவது என் தாளாகத்தான் உள்ளே போகும். என் மேனேஜர் போன மாதம் என் தாளை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டி, “இதை முகராமலே எழுதலாமே,” என்று சிரித்தார். இன்னொரு தாள் அப்படிப் போனால் என்னைப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினெட்டு வருஷ வேலை, சின்னி. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

என் நிலைமையைக் கேள். நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி, மாடி வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் தலையைத் தூக்கினேன். வேலைக் கவலையில் அவ்வளவு மூழ்கிப் போயிருக்கிறேன்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

நவம்பர் 18

அக்காவுக்கு,

தாளை நிரப்பியிருக்கிறேன். பிரதி எடுத்து இங்கேயும் எழுதுகிறேன், எழுத எழுத அப்பா தனக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார்.

ஆறே கால்: ஆரஞ்சுத் தோலை உரித்த காரம். மூக்கில் ஏறுகிறது. பிடிக்கவில்லை.

ஏழு: காரம் போய்விட்டது. பட்டையும் தேனும். இஸ்திரி போட்டுச் சூடு ஆறாத கம்பளிக் கோட்டின் உள்பக்கம்.

ஒன்பது: மெழுகு, வெனிலா, யாரோ மரப்பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி. சட்டைக்குள் குனிந்து முகர்ந்து பார்த்தேன். தோல்தான் மணக்கிறதா, சென்ட் மணக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை.

காலை ஆறு: கொஞ்சம் புகை, கொஞ்சம் இனிப்பு. போர்வையிலும் இருக்கிறது.

நிஜத்தைச் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது. இத்தனை நாளாக இந்த வீட்டில் ஸ்பிரிட்டும் பஞ்சும் களிம்பும்தான் மணத்துக்கொண்டிருந்தன. முந்தா நாள் கட்டு மாற்றக் குனிந்தபோது என் கழுத்திலிருந்து அந்தச் சூடு எழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “யாரோ பெரிய இடத்துப் பொம்பளை வந்து காலைப் பிடிக்கிறா போல,” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா.

இப்போதெல்லாம் கூரியர்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா தலையைத் தூக்குகிறார்.

சின்னி

*

நவம்பர் 21

சின்னி,

ஜெயித்துவிட்டோம்! கோட்டின் உள்பக்கம் என்ற வரியை மேனேஜர் இரண்டு தடவை படித்தார். சென்ட்டை வடிக்கிற பெரியவர், யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவர், என் மேஜைக்கு வந்து, “நல்லா சொன்னீங்கம்மா,” என்றார். அது உனக்குச் சேர வேண்டிய பாராட்டு.

இனி ஒரு வாரம் தினமும் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய குப்பியாக அனுப்புகிறேன். தொடர்ந்து போடும்போது துணியில் எப்படித் தங்குகிறது, அறையில் எப்படித் தங்குகிறது என்று எழுது. முக்கியமாக மறுநாள் காலை. ஆம்பரின் லட்சணம் மறுநாள் காலையில்தான் தெரியும்.

அப்பாவுக்குப் பிடித்தது என்றால் அவர் தலையணையிலும் ஒரு சொட்டு விடு.

அக்கா

*

நவம்பர் 25

அக்கா,

இந்தத் தடவை ஒரு சந்தேகம். தாளில் எழுதியிருக்கிறேன், ஆனாலும் தனியாகக் கேட்கிறேன்.

முந்தா நாளிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் ஒரு புது வாசம் வருகிறது. தேனுக்கு அடியில், கனிந்து கெட்டுப்போன பழம் மாதிரி. கூடையில் அடியில் நசுங்கிக் கிடக்குமே, அந்த இனிப்பு. காலையில் இன்னும் கூடுதலாக இருக்கிறது. கடையில் உட்கார்ந்திருக்கும்போது தெரியவில்லை, வீட்டுக்குள் வந்தால், அதுவும் அப்பா அறையில் இருந்தால், தெரிகிறது. தலையணையில் விட்டதாலா?

இந்த வாசம் பதினேழில் இருக்கிறதா, இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் எழுது. சுற்றி வளைக்காதே.

கடையில் தள்ளுபடி வாரம். ஒரு நாளைக்கு நாற்பது உருப்படி வருகிறது. கழுத்து ஒடிகிறது.

சின்னி

*

நவம்பர் 27

சின்னி,

ஆமாம், இருக்கிறது.

அந்தக் கருத்த பிசினின் வேலை அது. ஆரம்பத்தில் ஒளிந்துகொண்டிருக்கும், சூடான அறையில், தொடர்ந்து போடும்போது மேலே வரும். நல்ல ஆம்பரில் ஒரு துளி அழுகல் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் மிட்டாய். அதைக் கண்டுபிடித்ததற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். நீ பயப்பட ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு முறை கூடுதலாக அடித்து, அந்த வாசம் எவ்வளவு தூரம் வளர்கிறது என்று பார்த்து எழுது.

அவசரத்தில் எழுதுகிறேன், கூரியர் கிளம்புகிறது.

அக்கா

*

டிசம்பர் 4

சின்னி,

நேற்று மதியம் கூட்டத்தில் நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மற்ற மூன்று பேரும் காலை ஆறு மணிக்கு நேரே எழுதியிருந்தது ஒன்றேதான்: வெனிலா, மெலிந்த புகை. என் தாளில் மட்டும் கெட்டுப்போன பழம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இதுல பழமே கிடையாதும்மா. அழுகல் வாடை வர்ற சரக்கு ஒண்ணுகூட நான் போடலை. எங்கே இருந்து வந்துச்சு இது?”

எங்கே இருந்து வந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே ஓடி உன் நம்பருக்கு அடித்தேன். போகவில்லை. கடைக்கு அடித்தேன். நீ இரண்டாம் தேதியிலிருந்து வரவில்லை என்றார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இரண்டாம் தேதி காலையில் அப்பாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததையும், நேற்றுக் காலையில் அவர் காலை முட்டிக்கு மேலே எடுத்ததையும், விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாக டாக்டர் சொன்னதையும் அவர்தான் சொன்னார். நான் கிளம்பி வருகிறேன் என்றேன். “இப்ப வர வேண்டாம்னு சின்னி சொல்லச் சொன்னா,” என்றார்.

அதனால் எழுதுகிறேன். டீச்சரம்மா இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தருவார்.

எனக்கு மூக்கு இல்லை, சின்னி. பிப்ரவரியில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. திரும்பும் திரும்பும் என்று ஒவ்வொரு காலையும் சோப்பை முகர்ந்து பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. தோல் சரியில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். பத்து மாதமாகச் செய்முறைத் தாளைப் படித்துவிட்டு, இதில் இது இருக்கிறது, அதனால் இப்படி மணக்கும் என்று ஊகித்து எழுதி ஒப்பேற்றினேன். அது முடியாமல் போனபோதுதான் உன்னைத் தேடினேன். உன்மேல் பாசம் பொங்கி எழுதவில்லை.

உன் கேள்வி வந்த அன்று மேஜையில் பதினேழு திறந்திருந்தது. எடுத்து முகர்ந்தேன். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. தெரியாது என்று எழுதியிருந்தால் போதும். ஏன் தெரியாது என்று நீ கேட்பாய் என்று பயந்தேன். பிசின் இருக்கிறதே, அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். நர்ஸம்மா சொன்னதை நீ எனக்கு எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது என் தாள் மட்டும்தான்.

அப்பா காலை நான் எடுத்துவிட்டேன். அவரிடம் இதைச் சொல்லாதே. உயிரோடு எழுந்து வரட்டும், நானே வந்து சொல்கிறேன்.

அக்கா

*

டிசம்பர் 16

சின்னி,

இங்கே வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது.

ஐந்து நாள் உன்னோடு அந்த வீட்டில் இருந்தேன். தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாய். படுக்கப் பாய் எடுத்துக் கொடுத்தாய். அப்பாவை அனுப்பிவைத்த அன்று நான் விழப் போனபோது கையைப் பிடித்தாய். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது வந்து அப்பா கதையை எடுத்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாய். நான் அனுப்பிய கடிதம் உன் கைக்கு வந்ததா, படித்தாயா என்றுகூடக் கேட்கத் துணியவில்லை.

இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவர், “எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, நாங்க என்ன பண்ணியிருப்போம்?” என்றார். நாளையிலிருந்து பேக்கிங் பிரிவு. பத்து மாதமாக அதை நினைத்துத்தான் நடுங்கினேன். அட்டைப் பெட்டிகளும் பசை டேப்பும் இருக்கிற அறை, அவ்வளவுதான்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாயில்லை. திட்டியாவது எழுது. அப்பாவைக் கொன்றவள் நீதான் என்று உன் கையால் ஒரு வரி எழுது, அது போதும். நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

*

டிசம்பர் 23

அக்கா,

உன் கடிதம் ஆறாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்.

உன்னிடம் பேசாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபம் வந்தால் நான் வாயை மூடிக்கொண்டா இருப்பேன்? தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். எனக்குப் பயம். வாயைத் திறந்தால் இதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

உனக்கு மூக்கு போய்விட்டது என்று எனக்கு முன்னாலேயே தெரியும். பால் பாத்திரம் கரியானதை எழுதினாயே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. நீயாவது, கவலையில் கருகல் வாடை தெரியாமல் உட்கார்ந்திருப்பதாவது! யாருக்குக் கதை விடுகிறாய்? உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் ரோஷத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவாய். அப்பா கூரியர் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார். எனக்கும் சாயங்காலம் ஆறு மணி என்று ஒன்று வந்திருந்தது.

அப்படியென்றால் பழ வாசம் இருக்கிறதா என்று நான் யாரிடம் கேட்டேன்? முகர முடியாதவளிடம். தெரிந்தேதான் கேட்டேன். நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கலாம், பஸ்ஸில் இருபது நிமிஷம். டீச்சரம்மாவைக் கூப்பிட்டு ஒரு தடவை முகரச் சொல்லியிருக்கலாம். அவர்கள் நிஜத்தைச் சொல்லிவிடுவார்கள். நீ மட்டும்தான் ‘இருக்கிறது’ என்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத உனக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

மறுபடி அந்த வராந்தாவில் தனியாக நிற்க என்னால் முடியாது, அக்கா. இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், நான் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிட அது சென்ட்டாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நாலு நாள், ஐந்து நாள். தள்ளுபடி வாரம் முடியட்டும் என்று நினைத்தேன். உன் பதில் இருபத்தெட்டாம் தேதி வந்தது. நீ சொன்னதற்கு மேலேயே அடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கட்டு மாற்றுகிற முறை. மாற்றவில்லை. பிரித்தால் தெரிந்துவிடும் என்று பிரிக்கவில்லை.

உனக்கு நான் என்ன வரி எழுதுவது, சொல். நீ பொய் சொன்னாய், நான் பொய்யைக் கேட்டு வாங்கினேன். டாக்டர் என்னிடம், “வீட்டில் யாருக்கும் வாடை தெரியலையா?” என்று கேட்டார். எனக்குச் சளி என்று சொன்னேன்.

வீட்டில் இன்னொருத்தருக்கும் தெரிந்திருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம், நான் விளக்கைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“சின்னி, காலைக் கொஞ்சம் பாரும்மா. ஏதோ வாடை வருது,” என்றார்.

“அது கால் இல்லப்பா. அக்கா அனுப்பின சென்ட்டு,” என்றேன்.

தலையைத் தூக்கி, நன்றாக இழுத்து ஒரு தடவை முகர்ந்தார்.

“அவ செஞ்சதா?”

“ஆமாப்பா.”

“அப்போ நல்லாத்தான் இருக்கும்,” என்று சொல்லிப் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

சின்னி